தாங்கிக்குப் போன சீமெந்து

புதன்கிழமை தண்ணீர்த் தாங்கியை இடிக்கப்போவதாக வீட்டுக்காரர் பிரதாபன் வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். கூடவே கைகூப்புகிற படம் ஒன்று. இந்த வளவில் எதை இடித்தாலும் எதை நட்டாலும் எனக்கு ஒரு கைகூப்பு வரும். கேட்கமாட்டார், அறிவிப்பார்.

நான் அப்போது பரந்தனில் ஒரு டியூட்டரியில் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு மழைவீழ்ச்சி வரைபடம் கீறிக்கொண்டிருந்தேன். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் புவியியல் படித்துப் பட்டம் வாங்கி இரண்டு வருடம். எங்கள் குடும்பத்தில் எட்டாம் ஆண்டைத் தாண்டிப் படித்தவள் நான் மட்டும்தான். அரசாங்க வேலை வரும் வரும் என்று சொல்கிறார்கள். வெண்கட்டியை வைத்துவிட்டுச் செய்தியை இரண்டு தரம் வாசித்தேன். புதன் இடிப்பு. வெள்ளி காணி விசாரணை. இடையில் வியாழன் ஒன்றுதான்.

முரசுமோட்டையில் அப்புக்காத்தர் வளவு என்றால் எல்லாருக்கும் தெரியும். ஐம்பத்துநாலில் யாழ்ப்பாணத்து அப்புக்காத்து, வழக்கறிஞர் ஒருவர் காணி எடுத்துக் கட்டிய வீடு. சிவப்புச் சீமெந்து நிலம், வளைவு வைத்த விறாந்தை, பர்மாத் தேக்குக் கதவு. இரண்டு தரம் ஆமி இருந்தது, இரண்டு தரம் இயக்கம் இருந்தது, கூரை ஓட்டைத் தவிர மற்றதெல்லாம் மிஞ்சியது. போன வருடம் அப்புக்காத்தரின் பேரன் பிரதாபன் கனடாவிலிருந்து வந்து, இது பாதுகாக்கவேண்டிய பழைய வீடு, இதைப் பழைமை மாறாமல் திருத்தி வெளிநாட்டாருக்கு விடுதியாக நடத்தப்போகிறேன் என்றார். யாரோ வந்து அளந்து படம் எடுத்தார்கள். கதவு பழசு, வைத்திருக்கவேண்டும். நிலம் பழசு, வைத்திருக்கவேண்டும். பின்னால் பத்தடித் தூண்களில் நிற்கிற தண்ணீர்த் தாங்கி மட்டும் ஒழுகுகிறது, அதை இடித்து இரும்புச் சட்டத்தில் கறுப்புப் பிளாஸ்ரிக் தாங்கி வைக்கவேண்டும். அந்த வளவில் அப்பாவின் கை பட்டது அந்தத் தாங்கி ஒன்றுதான். அதுதான் புதுசாக வேண்டுமாம்.

நாங்கள் இருப்பது அந்தத் தாங்கிக்குப் பின்னால், அரை ஏக்கரில். நானும் அம்மாவும். அப்பா சன்னாசி எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து ஓடிவந்தபோது பதினாலு வயது. அப்புக்காத்தர் வளவில் வயல் வேலைக்கு நின்றார். கலியாணம் கட்டியதும் பின்னால் ஒரு குடிசை போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். சொன்னார்கள், எழுதித் தரவில்லை. அப்பாவுக்கு அப்போது பிரசாவுரிமையே இல்லை, வாக்காளர் பட்டியலில் பெயர் எப்படி இருக்கும். பிறகு கிடைத்த குடும்ப அட்டை, கூப்பன், என் பிறப்புப் பத்திரம் எல்லாம் இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசி யுத்தத்தில், ஒரு பையோடு கடற்கரையில் போயிற்று. அப்பா எட்டு வருடத்துக்கு முன் சிறுநீரகம் பழுதாகிச் செத்தார். அவர் இந்த மண்ணில் நாற்பது வருடம் நின்றதற்கு ஒரு துண்டுக் கடுதாசி இல்லை.

"தொண்ணூற்றைஞ்சுக்கு முதல் இருந்ததுக்கு ஏதாவது காட்டினால் அந்த அரை ஏக்கரை உங்கட பேரில விசாரிக்கலாம், பிள்ளை," என்று கிராம சேவகர் சொல்லியிருந்தார். "வாயால சொன்னால் எடுபடாது. வாயால ஆரும் சொல்லுவினம்."

காட்டுவதற்கு ஒன்று இருந்தது. தொண்ணூறில் பொம்பர் வந்து வயலில் குண்டு போட்டபோது தாங்கியின் மேற்குச் சுவர் வெடித்தது. சீமெந்துக்கு அப்போது தடை. களஞ்சியத்தில் இறுகிப்போய்க் கிடந்த பழைய மூட்டைகளை அப்பா இடித்து, அரித்து, சுண்ணாம்பும் கலந்து அந்தச் சுவரை அடுத்த வருடம் தனி ஆளாகக் கட்டி முடித்தார். ஈரச் சீமெந்தில் தன் பெயரை எழுதுவித்தார். தொண்ணூற்றாறில் ஊரெல்லாம் ஓடியபோது நாங்கள் மல்லாவிக்குப் போனோம். நான் அங்கே ஒரு தறப்பாள் கொட்டிலுக்குள் பிறந்தவள். அந்தத் தறப்பாளுக்குள் இருந்து அப்பா வாறவன் போறவன் எல்லாருக்கும் சொல்வாராம்: "நம்ம பேரு அங்க சீமெந்துல இருக்கு. நாம இருக்கலன்னு எவனும் சொல்லிக்க முடியாது."

அந்தப் பெயர் இப்போது பூச்சுக்கு உள்ளே. பூசியதும் அவர்தான். அந்தக் கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். இரண்டாயிரத்து மூன்று, சமாதானம் வந்து பாதை திறந்து ஒரு வருடம். நாங்கள் திரும்பி வந்து, மண் நிலத்தில் பாய் போட்டுப் படுத்த காலம். மாரியில் தரையால் ஈரம் ஏறும், எனக்கு இழுப்பு வரும். அப்பா வாழ்க்கையில் முதல்முதலாகச் சொந்தமாக ஒரு மூட்டைச் சீமெந்து வாங்கி வந்தார். அம்மா தரையைக் கூட்டி, கல்லுப் பொறுக்கி, தண்ணி தெளித்து வைத்துக்கொண்டு நிற்க, அவர் மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு நேரே தாங்கிக்குப் போய் ஏணி வைத்தார். ஒழுக்கு ஒன்றும் இல்லாத சுவருக்கு மூட்டை முழுவதையும் பூசினார். கனடாவில் இருக்கிற எசமானின் தாங்கிக்கு. நான் இருமிக்கொண்டு அதே மண்ணில் படுத்தேன். பல்கலைக்கழகத்தில் அடிமை மனநிலை என்று ஒரு விரிவுரை நடந்தபோது எனக்கு வேறு உதாரணம் தேவைப்படவில்லை.

அன்று பின்னேரம் அம்மாவிடம் சொன்னேன். அவர் குசினிக்குள் மரவள்ளிக் கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார்.

"புதன்கிழமை இடிக்கினமாம். நான் முதல்ல பூச்சை உடைச்சு அப்பான்ர பேரை எடுக்கப்போறன்."

"விட்டுரு புள்ள."

"என்னத்தை விட?"

"அத விட்டுரு. இடிச்சா இடிக்கட்டும். வேற ஏதாச்சும் காட்டிக்கலாம்."

"வேறை என்ன இருக்கு? சொல்லுங்கோ பாப்பம்."

அம்மா கிழங்கைத் திருப்பித் திருப்பி உரித்தார். அவரோடு நான் ஊர்ப் பேச்சுப் பேசுவேன், அவர் என்னோடு தோட்டத்துப் பேச்சுப் பேசுவார். ஒரே வீட்டில் இரண்டு ஊர். பள்ளிக்கூடத்தில் அடி வாங்கி வாங்கி மாற்றிய நாக்கு எனக்கு. அவருக்கு மாற்றவேண்டிய தேவையே வரவில்லை, பேசுவதற்கு என்னைத் தவிர யாரும் இல்லை.

"ஐயா வீட்டுச் சாமான ஒடச்சா அவங்க என்னா நெனப்பாங்க," என்றார்.

"அவையே இடிக்கப்போகினம் அம்மா. இன்னும் பயமோ அவைக்கு?"

அம்மா அடுத்த கிழங்கை எடுத்தார். நான் எழும்பி வெளியே வந்தேன். யாழ்ப்பாணக் கம்பஸில் யாராவது எந்த ஊர் என்று கேட்பார்கள். முரசுமோட்டை என்பேன். முரசுமோட்டையில் எவடம், ஆரின்ர ஆக்கள் என்று அடுத்த கேள்வி வரும். அதோடு என் கதை முடிந்துவிடும். நாலு வருடம் ஒரே அறையில் இருந்த மூன்று பேரில் ஒருத்தியும் என் வீட்டுக்கு வந்ததில்லை, நானும் கூப்பிட்டதில்லை. அந்த இரண்டாவது கேள்விக்கு ஒரு கடுதாசியில் பதில் வேண்டும் எனக்கு. சன்னாசியின் ஆட்கள், இந்த இலக்கக் காணி. அவ்வளவுதான்.

பிரதாபனிடம் கேட்டபோது உடனே சம்மதித்தார். அதுதான் அவரோடு உள்ள கரைச்சல். எதற்கும் சம்மதிப்பார்.

"தாராளமா எடுங்கோ தேனுகா. உங்கட அப்பான்ர நினைவுதானே. நீங்கள் எங்கட குடும்பம் மாதிரி."

"மாதிரித்தானே," என்றேன்.

அவர் சிரித்தார். நல்ல மனிதர், பகிடி என்று நினைத்துவிட்டார்.

புதன் காலை செந்தூரன் உளியும் சுத்தியலுமாக வந்தான். எங்கள் ஊர் மேசன், என்னோடு ஆறாம் ஆண்டிலிருந்து படித்தவன். பதினொன்றோடு நிறுத்திவிட்டுச் சாந்து குழைக்கப் போனான். புதுத் தாங்கி ஏற்கெனவே லாண்ட்மாஸ்ரர் உழவு இயந்திரத்தில் வந்து, மாமரத்துக்குக் கீழே கறுப்பாக மினுங்கிக்கொண்டு கிடந்தது. செந்தூரன் அதைத் தட்டிப் பார்த்தான்.

"உள்ளுக்க ஒரு குடும்பம் இருக்கலாம் போல," என்றான்.

"இருந்து பாரன். அதுக்கும் கடுதாசி கேப்பினம்."

"நீ வாயைத் திறந்தா விசம்தான்." ஏணியை வைத்து ஏறினான். நான் பக்கத்தில் தூணோடு கட்டியிருந்த பழைய இரும்பு ஏணியில் நின்றேன். கீழே பிரதாபன் கைபேசியை உயர்த்திப் பிடித்துத் தன் தகப்பனுக்கு வீடியோவில் காட்டிக்கொண்டிருந்தார். அப்புக்காத்தரின் மகன் பரமலிங்கம், ரொறன்ரோவில். அங்கே இரவாம், சாறத்தோடு சோபாவில் இருந்தார்.

செந்தூரன் உளியை வைத்து அடித்தான். பூச்சு அசையவில்லை. இன்னொன்று போட்டான். ஒரு பொட்டு மட்டும் தெறித்தது.

"இதென்னடியப்பா, பங்கருக்குப் பூசின மாதிரி பூசிக் கிடக்கு. தாங்கிக்கு ஆராவது இரண்டு அங்குலம் பூசுவானோ?"

"என்ர அப்பர் பூசுவார்."

அரை மணித்தியாலத்தில் வலது மூலை கழன்றது. உள்ளே சாம்பல் நிறத்தில் பழைய சுவர். அதில் ஆணியால் கீறிய ஒரு ஒன்று. பிறகு ஒன்பது. பிறகு இன்னொரு ஒன்பது, ஒன்று. 1991.

கையை வைத்தேன்.  தொண்ணூற்றைந்துக்கு நாலு வருடம் முன்னுக்கு நின்றது ஆண்டு. நாற்பது வருடத்துக்கு ஒரு சாட்சி. கிராம சேவகர் தொட்டுப் பார்க்கலாம்.

"வடிவா இருக்கு," என்று கீழே பார்த்துச் சொன்னேன். அம்மா எங்கள் வாசலில் நின்றார், கிட்ட வரவில்லை.

செந்தூரன் இடது பக்கமாகப் போனான். ஒவ்வொரு எழுத்தாக வெளியே வந்தது. அவன் முதுகு எனக்கு மறைத்தது. திடீரென்று சுத்தியல் நின்றது. அவன் உள்ளங்கையால் தூசைத் துடைத்துப் பார்த்தான். பிறகு கையை அங்கேயே வைத்துக்கொண்டான்.

"தேனு, நீ ஒருக்கா கீழ இறங்கு."

"ஏன்?"

"இறங்கு எண்டுறன்."

"கையை எடு."

"சொன்னாக் கேள்."

"கையை எடடா."

எடுத்தான். கீழேயிருந்து பிரதாபன் கைபேசியைத் திருப்பிப் பெரிதாக்கிப் பார்த்தார். நாலு வயதில் கனடா போனவர். தமிழ் பேசுவார், வாசிப்பது எழுத்துக் கூட்டித்தான். தகப்பனுக்குக் கேட்கட்டும் என்று உரத்து வாசித்தார்.

"தோ... ட்ட... க்கா... ட்டான். தோட்டக்காட்டான் வேலை. ஆயிரத்துத் தொளாயிரத்துத் தொண்ணூற்றொண்டு." நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "தோட்டக்காறன் மாதிரியா, தேனுகா? அப்பா தோட்டமும் பாத்தவரா?"

 ஆறாம் ஆண்டில் என்னை அப்படிக் கூப்பிட்டவர்களில் செந்தூரனும் ஒருத்தன். இப்போது உளியை ஏணிப்படியில் வைத்து, எடுத்து, வைத்து, எடுத்துக்கொண்டு நின்றான்.

கைபேசிக்குள் சிரிப்புக் கேட்டது.

"அட, அது இன்னும் கிடக்கே," என்றார் பரமலிங்கம். "நான் எழுதினதடா. அப்ப எனக்கு இருபத்தேழு வயசு. சுவரைக் கட்டி முடிச்சிட்டுச் சன்னாசி ஆணியையும் கொண்டு வந்து நிண்டவன். சின்னய்யா, எம் பேரு எழுதிக் குடுங்க எண்டு." தோட்டத்துப் பேச்சை நன்றாகவே பேசிக் காட்டினார். "நான் பகிடிக்கு உந்தச் சொல்லை எழுதிவிட்டனான். அவனுக்கு வாசிக்கத் தெரியாதே. வாறவன் போறவனுக்கெல்லாம் கையால காட்டித் திரிஞ்சவன், இஞ்ச பாருங்க எம் பேரு எண்டு. நாங்கள் சிரிச்சுச் செத்தம்."

"அப்பா," என்றார் பிரதாபன். "தேனுகா இஞ்ச நிக்கிறா."

"ஆரது?"

"சன்னாசின்ர மகள்."

பரமலிங்கம் திரைக்குக் கிட்ட முகத்தைக் கொண்டுவந்தார். பிறகு: "பிள்ளை, குறை நினையாதை. அந்தக் காலத்துப் பகிடி. கொப்பர் நல்ல வேலைக்காரன்."

நான் ஏணியிலிருந்து இறங்கிப் பிரதாபனின் கையிலிருந்து கைபேசியை வாங்கினேன். திரையில் நரைத்த மீசை, மூக்குக் கண்ணாடி, பின்னால் சாமிப் படம்.

"அப்ப, தொண்ணூற்றொண்டில என்ர அப்பா இந்த வளவில இருந்தவர். நீங்கள் கண்டனீங்கள்."

"ஓம், இருந்தவன்தானே..."

"அதை எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. பகிடிக்கு இல்லை."

அவர் மகனைத் தேடுகிற மாதிரித் திரைக்குள் அங்கும் இங்கும் பார்த்தார். "இஞ்ச சிக்னல் சரியில்லை போல," என்றார். படம் அணைந்தது.

பிரதாபனின் முகம் சிவந்திருந்தது. அந்தச் சொல் என்னவென்று செந்தூரனிடம் மெல்லக் கேட்டார். செந்தூரன் சொல்லவில்லை, நான் சொன்னேன். லயத்தில் இருந்து வந்தவர்களை இந்த ஊரவை கூப்பிடுகிற பேர், உங்கட குடும்பம் மாதிரி இருக்கிற எங்களைத்தான், என்றேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"அப்பாவுக்காக நான் மன்னிப்புக் கேக்கிறன். உண்மையா. உடைச்சுப் போடுவம் இதை. செந்தூரன், இப்பவே உடையுங்கோ. ஒருத்தரும் இதைப் பாக்கத் தேவையில்லை."

"உடைச்சா எங்களுக்கு என்ன மிஞ்சும்?" என்றேன்.

"விடுதி திறந்தா நீங்கள்தான் அதைப் பாக்கப்போறியள் எண்டு நான் யோசிச்சு வைச்சிருக்கிறன். படிச்ச பிள்ளை. நீங்கள் எப்பவும் இஞ்ச இருக்கலாம். ஆர் எழுப்பப் போகினம்?"

"எழுப்பமாட்டம் எண்டு எழுதித் தருவியளோ?"

அவர் தரையைப் பார்த்தார். "அது... குடும்பத்தில எல்லாரிட்டயும் கேக்கோணும். அத்தையவையும் பங்கு."

"அப்ப இதை வெட்டித் தாங்கோ."

செந்தூரன் யாரையும் பார்க்காமல் இறங்கிப் போய்ச் சைக்கிளை எடுத்தான். வீட்டுக்குப் போய்க் கிறைண்டரைக் கொண்டு வந்தான். பின்னேரம் வரை அந்த எழுத்துகளைச் சுற்றிச் சதுரமாக வெட்டினான். ஒரு எழுத்தும் உடையாமல், தூசுக்குள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. கட்டி கீழே வந்ததும் சாக்கு விரித்து அதில் வைத்தான். போகும்போது, "ஆறாம் ஆண்டில..." என்று தொடங்கினான்.

"போடா," என்றேன். போனான்.

எனக்குள் எரிந்துகொண்டிருந்தது பரமலிங்கம் இல்லை. அவர் மாதிரி ஆட்களை எனக்குச் சின்னனிலிருந்து தெரியும். அப்பாதான். எத்தனை பேருக்குக் கையால் காட்டியிருப்பார். எத்தனை பேர் வாயைப் பொத்திக்கொண்டு ஓம் ஓம் சன்னாசி என்றிருப்பார்கள். கடைசிவரை தெரியாமலே செத்தாரே என்று நினைத்துக்கொண்டு, சாக்கில் கிடந்த எழுத்துகளை எண்ணினேன். ஏன் எண்ணினேன் என்று தெரியாது. தோட்டக்காட்டான் என்பதற்கு எட்டு எழுத்து. வேலைக்கு இரண்டு.

அப்போது சிலேட் ஞாபகம் வந்தது.

நான் முதலாம் ஆண்டு சேர்ந்த வருடம். கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்துத் திரிந்த வருடம். தேயிலைப் பெட்டி, பஸ்ஸின் பெயர்ப்பலகை, மாப் பை, ஒன்றும் விடமாட்டேன். அப்பாவும் எழுத்து உள்ள இடமெல்லாம் காட்டி, இது என்ன, இது என்ன என்று கேட்பார். வாசித்துச் சொன்னால் தலையை ஆட்டிச் சிரிப்பார். ஒருநாள் அவர் பெயரை எழுதச் சொன்னார். சிலேட்டில் எழுதிக் கொடுத்தேன். ச, ன், னா, சி. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். விரலால் எண்ணினார்.

"இம்புட்டுத்தானா?"

"ஓமப்பா. நாலு எழுத்து."

"பெருசா எழுதினா கூட வருமா?"

"பெருசா எழுதினாலும் நாலுதான்."

சிலேட்டைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தாங்கிப் பக்கமாகப் போனார். திரும்பி வந்து இன்னொரு தரம் எழுதச் சொன்னார். வேறு மாதிரி எழுதலாமா, பெரிய மனிசர் வேறு மாதிரி எழுதுவார்களா என்று கேட்டார். இல்லை அப்பா, உங்களுக்கு விளங்காது என்று நான் சொன்னேன். ஆறு வயதுக்காரி. பெருமையாகச் சொன்னேன்.

சீமெந்து மூட்டை அதற்குப் பிறகுதான் வந்தது.

குசினிக்குப் போனேன். அம்மா அடுப்புக்கு முன்னால் சும்மா இருந்தார். நெருப்பு மூட்டவில்லை.

"அவருக்குத் தெரியும், என்னம்மா? அது தன்ர பேர் இல்லை எண்டு."

"ம்."

"என்ன எழுதியிருக்கு எண்டும் தெரியுமோ?"

"தெரியாது. ஒருத்தர்கிட்டயும் கேக்கல. கேட்டா சிரிப்பாங்கன்னாரு. உங்கிட்ட கேட்டா நீ ஏணில ஏறி வாசிச்சிருவ. எம் புள்ள வாசிக்கிற மொதப் பேரு அதா இருக்கக்கூடாதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தாரு. ரெண்டு நாளு சோறு திங்கல. நானும் சண்ட புடிச்சேன், தரைக்குப் பூசிட்டு மிச்சத்த அங்க பூசுன்னு. மிச்சம் பத்தாது, தடிப்பமா பூசணும்னாரு."

நான் அம்மிக்குப் பக்கத்தில் குந்தினேன். கீழே இப்போது வழுவழுப்பான சீமெந்துத் தரை. மீள்குடியேற்றத்தில் தற்காலிகக் கொட்டிலுக்கு ஒரு தொண்டு நிறுவனம் போட்டது. அதில் ஒரு கறை இருந்தது, அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அடிமை மனநிலைக்கு நான் எழுதிய கட்டுரைக்கு எழுபத்தெட்டுப் புள்ளி வந்தது.

"என்னா எழுதியிருந்துச்சு?" என்று அம்மா கேட்டார். இருபத்திரண்டு வருடமாக அவரும் கேட்காமல் இருந்த கேள்வி.

யாரிடமும் எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் நான். டியூட்டரி முதலாளிக்குச் சொல்லியிருக்கிறேன், விரிவுரையாளருக்குச் சொல்லியிருக்கிறேன். அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. பொய் சொல்லலாம். வெள்ளிக்கிழமை உத்தியோகத்தர் உரத்து வாசித்தால்? மண்டபம் முழுக்க ஊர் இருக்கும். அங்கே வைத்து அவர் முதல் தரம் கேட்கக்கூடாது.

சொன்னேன்.

 அம்மாவின் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. "பெரிய கெட்ட வார்த்தன்னு நெனச்சிருந்தேன்," என்றார். பிறகு, "பாவம், அவரு இன்னும் பெருசா நெனச்சிருப்பாரு," என்றார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "வருசம் தெளிவா தெரியுதா?" என்று கேட்டார்.

"தெரியுது."

"அப்ப நல்லா சுத்திக் கட்டு. ஓட்டோவுல ஆடும்."

வெள்ளிக்கிழமை பிரதேச செயலகத்து மண்டபத்தில் நூறு பேர் அளவில் இருந்தார்கள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு பொலித்தீன் பை, அதற்குள் கடுதாசி. எங்கள் காலடியில் சாக்கு. பக்கத்தில் இருந்த மனிசி இது என்ன பிள்ளை என்று கேட்டார். கல் என்றேன். தள்ளி இருந்துகொண்டார்.

பிரதாபன் கடைசி வரிசையில் இருந்ததைக் கண்டேன். கிட்ட வரவில்லை. குடும்பத்தின் சார்பில் மறுக்க வந்தாரா, பார்க்க வந்தாரா என்று தெரியவில்லை. எங்களைக் கூப்பிட்டபோது அவரையும் பார்த்தேன், அவர் எழும்பவில்லை. அவரால் செய்யக்கூடியது அவ்வளவுதான் என்று நினைக்கிறேன். மறுக்க எழும்பாமல் இருந்தார்.

காணி உத்தியோகத்தர் சாக்கை விலக்கிப் பார்த்தார். உதடுகள் அசைந்தன. வாசித்து முடித்ததும் அவசரமாகச் சாக்கை மூடினார்.

"இதில... இதில ஆற்றயும் பேர் இல்லையே, பிள்ளை."

நான் வாயைத் திறக்கமுதல் அம்மா பேசினார். ஐயாமார் முன்னால் அம்மா பேசி நான் கேட்டதில்லை.

"இருக்குங்க ஐயா. எங்களத்தான் எழுதியிருக்கு. அந்தப் பக்கத்தில வேற யாரையும் அப்பிடிக் கூப்புட்டது இல்லைங்க. அப்ப நாங்க ரெண்டு பேருதான் இருந்தோம். கேட்டுப் பாருங்க, யாரு வேணும்னாலும் சொல்லுவாங்க."

 முன்வரிசையில் எங்கள் ஊர்க் கமக்காரர்கள், வயல் சொந்தக்காரர், நாலைந்து பேர். ஒருவரும் நிமிரவில்லை. உத்தியோகத்தர் அவர்களைப் பார்த்தார், கிராம சேவகரைப் பார்த்தார். கிராம சேவகர் இருமிவிட்டு, "ஓம் சேர், அப்ப இருந்தது அந்த ஒரு குடும்பம்தான்," என்றார். வாயால் சொன்னால் எடுபடாது என்றவர்.

உத்தியோகத்தர் கோப்பைத் திறந்து எழுதினார். நான் மேசைக்கு மேலால் எட்டிப் பார்த்தேன். 'ஆண்டு பொறிக்கப்பட்ட சுவர்த் துண்டு ஒன்று' என்று எழுதியிருந்தார்.

"சொல்லையும் எழுதுங்கோ, சேர்."

"அது தேவையில்லைப் பிள்ளை. மரியாதையா இராது."

"அந்தச் சொல்லுத்தானே சாட்சி. எழுதுங்கோ."

அவர் பேனை மூடியைப் போட்டுத் திரும்பக் கழற்றினார். பிறகு எழுதினார். கைபேசியில் கட்டியை மூன்று பக்கத்தாலும் படம் எடுத்தார்கள். மனுதாரர் பெயர், காலஞ்சென்ற கணவர் பெயர் என்று கேட்டார்கள். நான் சொல்லச் சொல்லப் பட்டியலில் ஏற்றினார்கள். கள ஆய்வுக்கு வருவோம், கடிதம் வரும் என்றார்கள். எப்போது என்று சொல்லவில்லை. கட்டியை அங்கே வைத்திருக்க இடம் இல்லையாம், திருப்பிக் கொண்டுபோகச் சொன்னார்கள்.

வீட்டுக்கு வந்தபோது புதுத் தாங்கி இரும்புச் சட்டத்தில் ஏறியிருந்தது. பழையது நின்ற இடத்தில் செங்கல் குவியல். எங்கள் குழாயிலும் தண்ணீர் வேகமாக வந்தது, வாளியில் அடித்துச் சிதறியது. நான் கட்டியை எங்கே வைப்பது என்று யோசித்தேன். வாசலில், எழுத்து வெளியே தெரிய, சுவரோடு நிமிர்த்தி வைக்கலாம். வருகிற வெளிநாட்டார் படம் எடுக்கட்டும். பழைமை மாறாமல்.

அம்மா கேட்கவில்லை. சாக்கோடு இழுத்துக்கொண்டு போய்க் குழாயடியில், உடுப்புத் தோய்க்கிற இடத்தில், எழுத்துப் பக்கம் மண்ணில் படக் கவிழ்த்தார். காலால் மிதித்து ஆடுகிறதா என்று பார்த்தார். ஒரு பக்கம் ஆடியது. செங்கல் துண்டு ஒன்றைக் கொடுத்து இறுக்கினார்.

"அம்மா, அது தெரியவேணும்."

"தெரிய வேண்டியவங்களுக்குக் காட்டியாச்சு. அவரு மூடினத நான் தொறந்து வைக்கமாட்டேன்."

"நான் திறப்பன்."

"எனக்கப்புறம் தொறந்துக்க," என்றார். நேற்றைய உடுப்பைக் கொண்டுவந்து அதில் போட்டார், சவுக்காரத்தைத் தேய்க்கத் தொடங்கினார்.

நான் வாளியைக் குழாய்க்குக் கீழே வைத்தேன்.